கோட்டு போட்ட ஓட்டு

ஏப்ரல் 16, புதன்கிழமை பிற்பகல், தலைநகர் கார்வர் ஃபால்ஸில் கூடிய மாநிலக் கீழவையில் மனை வாடகை மசோதா தோற்றது. ஆதரவு 48, எதிர்ப்பு 49. இருவர் வரவில்லை. மசோதா நிறைவேற, அவையின் தொண்ணூற்றொன்பது பேரில் ஐம்பது பேர் பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கடைகள் திறப்பதற்கு முன்பே இர்மா ஸ்கார்டா நுகர்வோர் கழகத்தின் படியேறி வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார். கழகத்தின் அலுவலகம் சட்டமன்றத்துக்கு எதிரே, ஒரு சலவைக் கடையின் மாடியில். இரண்டு மேஜை, ஒரு காபி இயந்திரம், சுவர் நிறைய உறுப்பினர்களின் படங்கள். வியாபாரம், நுகர்வோர் பாதுகாப்பு சம்பந்தமாக எந்த மசோதா வந்தாலும் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பின்தொடர்ந்து, ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டு, தேர்தலுக்கு முன் அட்டையாக வெளியிடுவது கழகத்தின் வேலை. செய்பவர்கள் இரண்டே பேர்.

ஹெஸ்டர் லிண்ட்கிரன் இருபது வருடம் காப்பீட்டு மோசடிகளைத் துப்பறிந்தவர். எரிந்த வீட்டுக்குப் போனால் நெருப்பைப் பற்றிக் கேட்கமாட்டார். நெருப்புக்கு முந்தின வாரம் அந்த வீட்டை விட்டு வெளியே போன பியானோவைப் பற்றிக் கேட்பார். அவருடைய உதவியாளன் ஓடெல் பெட்டிஸ் பழைய கார் விற்றவன். நுகர்வோரைக் காப்பாற்ற எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால், பரிகாரம் என்பான்.

இர்மா பெல் ரிவர் ஊர்ப் பள்ளியில் சமையல் வேலை பார்ப்பவர். வில்லோ பெண்ட் என்ற வளாகத்தில் அவருடைய வீடு நிற்கிறது. வீடு அவருடையது, அது நிற்கிற மண் வேறொருவருடையது. சக்கரத்தில் வந்து இறங்கியதால் அந்த மாதிரி வீட்டுக்கு நகரும் வீடு என்று பெயர். ஆனால் இத்தனை வருடம் ஒரே இடத்தில் நின்றதை இனி நகர்த்தினால், பாதி வழியில் கூரை ஒரு பக்கமும் தரை ஒரு பக்கமும் போகும். போன இலையுதிர்காலத்தில் வெளியூர் நிறுவனம் ஒன்று வளாகத்தை வாங்கியது. ஜூன் முதல் மனை வாடகை இரண்டு மடங்கு என்று ஒவ்வொரு கதவிலும் அறிவிப்பு ஒட்டியது. அதைத் தடுப்பதற்குத்தான் மசோதா. அது சட்டமானால் இர்மா இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆகாவிட்டால் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். எடுத்துக்கொண்டு போக முடியாது, வாங்குவதற்கும் ஆள் இல்லை.

ஓடெல் கொடுத்த காபியை இர்மா கையில் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிர குடிக்கவில்லை. நேற்று நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சட்டமன்றத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பேருந்திலேயே அவரும் வந்திருக்கிறார். பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்துவிட்டு, பார்வையாளர் மாடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மின்பலகையில் தன் தொகுதி உறுப்பினர் ராய் டென்ஹெர்டரின் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிவதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். டென்ஹெர்டர் பெல் ரிவரில் ஆணி, குழாய், பெயின்ட் விற்கும் கடைக்காரர். ஊரில் எல்லாரும் அவரை ராய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பிப்ரவரியில எங்க வீட்டுக்கு வந்தாரு," என்றார் இர்மா. "சமையலறை மேஜையில உக்காந்து, கேரமல் கேக்க ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. இந்த மசோதாவுக்கு என் ஓட்டு உண்டு, கவலப்படாதீங்கன்னாரு. என் கண்ணப் பாத்துத்தான் சொன்னாரு."

"பொய் சொல்றவன் எப்பவும் கண்ணத்தான் பாப்பான்," என்றான் ஓடெல். "நீங்க டயரப் பாத்துடக் கூடாதுல்ல."

இர்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல தம்பி. ராய் அப்படி ஆள் கிடையாது. அதான் எனக்குப் புரியல. பொய்யின்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போயி பாத்திரத்தக் கட்டிடுவேன்."

ஹெஸ்டர் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். தோற்ற மசோதாவுக்கு இன்னும் ஒரு நாள் உயிர் இருக்கிறது. அடுத்த நாள், அதாவது இன்று, கூட்டம் கலைவதற்குள் ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து மறுவாக்கெடுப்பு கேட்டால் போதும். ஆனால் கேட்பவர் ஜெயித்த பக்கத்தில் வாக்களித்தவராக இருக்க வேண்டும். தோற்றவர்கள் திரும்பத் திரும்ப எழுந்து தொல்லை கொடுக்காமலிருக்க வைத்த விதி அது. நேற்று கண் அறுவைக்குப் போயிருந்த ஆதரவு உறுப்பினர் ஒருவர் இன்று வந்துவிட்டார், அவரோடு நாற்பத்தொன்பது. ராய் உண்மையிலேயே ஆதரவாளர் என்றால் ஐம்பது. மறுவாக்கெடுப்பு கேட்கவும் அவரால் முடியும், ஏனென்றால் பதிவில் அவர் எதிர்ப்பு.

"அதாவது," என்றான் ஓடெல், "தப்பான பக்கம் போட்டவருதான் சரியான ஆள்."

"போட்டாரான்னு முதல்ல பாப்போம்," என்றார் ஹெஸ்டர். இர்மாவின் பக்கம் திரும்பி, மாடத்திலிருந்து ஏதாவது படம் எடுத்தீர்களா என்று கேட்டார்.

இர்மா ஒன்று எடுத்திருந்தார். பலகையை எடுக்கப் போய், அவசரத்தில் பாதிப் பலகையும் பாதி அவையுமாக விழுந்திருந்தது. ஹெஸ்டர் பலகையைப் பார்க்கவேயில்லை. கீழே, மூன்றாவது வரிசையின் ஓரத்தைப் பெரிதாக்கினார். ராயின் நாற்காலி. அதன் முதுகில் ஒரு பழுப்புக் கோட்டு தொங்கியது. பக்கத்து இருக்கையில் வெள்ளைத் தலையோடு மெர்ல் ஆஸ்டாட். ராயைக் காணோம்.

"சூடா இருந்திருக்கும்," என்றார் இர்மா. "கழட்டிட்டு அங்கதான் எங்கயாவது நின்னிருப்பாரு."

ஓடெல் தலையை ஆட்டினான். அவைக்குள் கோட்டு இல்லாமல் ஓர் ஆண் நிற்க முடியாது. ஜூலை வெயிலில் ஒருவர் கழற்றப் போய், கோட்டு போடும்வரை அவர் வாக்கைச் சபாநாயகர் எண்ணாமல் நிறுத்திய கதை உண்டு. கோட்டு நாற்காலியில் இருக்கிறது என்றால் ஆள் அவைக்கு வெளியே இருக்கிறார். இன்னொன்றும் உண்டு. அது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. கோட்டை எடுத்துக்கொண்டு போனால் வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். விட்டுவிட்டுப் போனால், இதோ வந்துவிடுகிறேன், அதுவரை என் பொத்தானை நீ பார்த்துக்கொள் என்று பக்கத்து இருக்கைக்குச் சொல்வதாக அர்த்தம்.

"கோட்டு ஓட்டுப் போட்டிருக்கு, பாஸ்," என்றான் ஓடெல். "அதுவும் தப்பா."

*

மெர்ல் ஆஸ்டாட்டை அவைக்கு வெளியே இருந்த நீளமான பெஞ்சில் பிடித்தார்கள். சோயாவும் சோளமும் பயிரிட்ட மனிதர். நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர். ஹெஸ்டரைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். ஓடெலுக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். பனி இந்த வருடம் நிலத்தை விட்டுப் போகிற மாதிரி தெரியவில்லை என்று சொன்னார். ஹெஸ்டர் பனியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையும் சொன்னார். அந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் முன்னால் வானிலையைக் கடந்தாக வேண்டும்.

பிறகு ஹெஸ்டர் சாதாரணமாகக் கேட்டார். "நேத்து ராய்க்கு ஏன் சிவப்பு, மெர்ல்?"

"எனக்குச் சிவப்புதானே," என்றார் மெர்ல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வாயிலிருந்த மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

ஓடெல் மேலே பார்த்துக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் சுவருக்குத்தான் காது உண்டு என்று நினைத்தேன், நாற்காலிக்குக் கையும் இருக்கிறதே என்றான்.

மெர்லுக்குக் கோபம் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, இப்போது சொன்னதை யாரிடமாவது சொன்னால் இல்லை என்றுவிடுவேன் என்றார். அடுத்தவர் பொத்தானை அழுத்தக் கூடாது என்று விதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அழுத்தாதவர் யாரும் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். ராயும் அவரும் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். அவர் காபிக்குப் போனால் ராய் பார்த்துக்கொள்வார். ராய் போனால் அவர்.

"ராய் இந்த மசோதாவுல எந்தப் பக்கம்னு கேட்டீங்களா?" என்றார் ஹெஸ்டர்.

மெர்ல் அவரை விநோதமாகப் பார்த்தார். "ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு நான் எதுக்குக் கேக்கணும்? அது அவர் விஷயம்."

"அவர் விஷயத்தத்தான அழுத்தினீங்க?"

"அழுத்துறது வேற," என்றார் மெர்ல். "கேக்குறது வேற. கேட்டா மரியாத இல்ல."

எழுந்து, ஹெஸ்டருக்குத் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார். அவர் நடையில் அவசரம் இல்லை. பதினோரு வருட நட்பு, பேச்சு முழுக்க பனியும் பயிரும். இரண்டு பேரும் ஒருநாளும் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தியதில்லை.

மெர்ல் சாட்சி சொல்லமாட்டார். கோட்டு சாட்சி சொல்லாது. வாக்கு நடந்த நேரத்தில் ராய் வேறு இடத்தில் இருந்தார் என்று காட்டினால்தான் அவரிடம் போய், நீங்கள் இர்மாவை ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரியும், எழுந்து நில்லுங்கள் என்று கேட்க முடியும். கேட்காமல் தானாகச் சொல்கிற பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

வட்ட மண்டபத்தில் இர்மா காத்திருந்தார். ஓடெல் பெஞ்சின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டு, கைபேசியில் பெல் ரிவர் பள்ளியின் பக்கத்தைத் திறந்தான். ராய் எந்தக் கோழிக்கறி விருந்தையும், எந்த நாடா வெட்டும் விழாவையும், எந்தக் கேமராவையும் தவறவிட்டதில்லை என்பது அவன் கணக்கு. நேற்று அவருடைய ஊர்ப் பிள்ளைகளே வந்திருந்தார்கள்.

கணக்கு தப்பவில்லை. படம் இருந்தது. பெரிய படிக்கட்டில் நான்காம் வகுப்பு நிற்கிறது. நடுவில், கோட்டு இல்லாமல், வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு ராய் டென்ஹெர்டர். ஆனால் அந்தப் படம் எப்போது எடுத்தது என்று அதில் எழுதியில்லை. பள்ளி மாலையில்தான் அதைப் போட்டிருந்தது. பிள்ளைகள் பிற்பகல் முழுக்க அந்தக் கட்டடத்துக்குள் இருந்திருக்கிறார்கள். எந்த நேரமும் அந்தப் படத்துக்குப் பொருந்தும்.

"விசேஷமா ஒண்ணும் இல்ல," என்றான் ஓடெல். "ஆனா ஒண்ணு, பிள்ளைங்க புத்திசாலிங்க. பாருங்க, பாதிப் பேரு காதப் பொத்திக்கிட்டு நிக்குது. ராய் வாயத் திறந்தா நானும் அதத்தான் செய்வேன்."

ஹெஸ்டர் அவன் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். உண்மைதான். முன் வரிசையில் ஒரு பெண் இரண்டு காதையும் பொத்தி முகத்தைச் சுளித்திருந்தாள். பின்னால் இரண்டு பையன்கள் விரலையே உள்ளே விட்டிருந்தார்கள்.

"ராய் பேசல," என்றார் ஹெஸ்டர். "சிரிக்கிறாரு. பல்ல மூடிக்கிட்டுப் பேச முடியாது."

இர்மா எட்டிப் பார்த்தார். பெரியவர்கள் பேசும்போது இந்தப் பிள்ளைகள் காதைப் பொத்தமாட்டார்கள், நான் தினம் சாப்பாடு போடுகிறவள், எனக்குத் தெரியும் என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "மணி. அது மண்டையைத் துளைக்கிற மணி. மேல மாடத்துல எனக்கே தாங்க முடியல."

வாக்கெடுப்பு தொடங்கினால் சட்டமன்றத்தின் எல்லாத் தாழ்வாரங்களிலும் மணி அடிக்கும். உறுப்பினர்கள் எங்கிருந்தாலும் ஓடி வர வேண்டும் என்பதற்காக, வாக்கெடுப்பு முடியும்வரை நிற்காமல் அடிக்கும். வருடக்கணக்காக அதற்குள்ளேயே நடமாடுகிறவர்களுக்கு அது உறைப்பதேயில்லை. ராயின் முகத்திலும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. காதைத் துளைத்தது பிள்ளைகளுக்குத்தான். புதன்கிழமை பிற்பகலில் அந்த மணி ஒரே ஒரு முறைதான் அடித்தது, இந்த மசோதாவுக்கு.

"அப்போ அவர் பொய் சொல்லல," என்றார் இர்மா. நின்ற இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

*

ராய் டென்ஹெர்டர் நிலவறைச் சிற்றுண்டிச் சாலையில், மிளகாய் பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் படத்தை அவர் முன்னால் வைத்தார். இர்மா வட்ட மண்டபத்திலேயே இருந்துவிட்டார். சாப்பிடுகிற மனிதர் முன்னால் போய் நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ராய் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. விவாதம் இன்னும் நீளும் என்று நினைத்துப் பிள்ளைகளைப் பார்க்க இறங்கியிருக்கிறார். சட்டென்று மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக நின்றாகிவிட்டது. இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்தவர்களை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. மெர்ல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார். மெர்லுக்குத் தன் மனது தெரியும் என்றும் நினைத்துக்கொண்டார். சொன்னதில்லை. பதினோரு வருடத்தில் சொல்ல நேர்ந்ததில்லை.

"இர்மாவுக்கு என் மேல கோவமா?" என்று கேட்டார்.

"காலையில இருந்துச்சு," என்றார் ஹெஸ்டர். "இப்ப இல்ல. ராய், நீங்க மேல போயி மறுவாக்கெடுப்பு கேக்கணும். பதிவுல நீங்க எதிர்ப்பு. நீங்க கேக்கலாம். கேட்டா ஐம்பது இருக்கு. நான் எண்ணிட்டேன்."

ராய் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. அவ்வளவுதானா, அதை நானே செய்கிறேன், மெர்ல் சங்கடப்படாத மாதிரி சொல்லிக்கொள்கிறேன் என்றார். கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். ஓடெல் அவருடைய தட்டை எடுத்து வைக்கப் போனான். அவனுடைய கார் வியாபார நாட்களில், கையெழுத்துப் போட எழுந்த வாடிக்கையாளரைப் பார்த்தால் வரும் சந்தோஷம் அது என்று பிறகு சொன்னான்.

"ஆனா இப்ப பதிவுல எதிர்ப்புன்னு இருக்காதே," என்றார் ராய், இரண்டாவது கையையும் நுழைத்துக்கொண்டே. "அத நான் காலையிலயே சரி பண்ணிட்டேன்."

"என்ன சரி பண்ணினீங்க?" என்றார் ஹெஸ்டர்.

"திருத்தம் குடுத்துட்டேன். அவை கூடினதும் வாசிச்சாச்சு. இப்ப நான் ஆதரவு." அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் சொன்னார். "உங்க அட்டையில எனக்கு முட்டை போட்டுடுவீங்களேன்னுதான் ஓடி வந்து குடுத்தேன். திருத்தின ஓட்டும் கணக்குன்னு உங்க அட்டைக்கு அடியிலயே போட்டிருக்கே."

போட்டிருந்தது. அந்த வரியை எழுதியவர் ஹெஸ்டர்.

தவறிப் பொத்தானை அழுத்திய உறுப்பினர் மறுநாள் காலை தன் வாக்கைத் திருத்தலாம், முடிவு மாறாது என்றால். ராய் மாறியதால் ஆதரவு நாற்பத்தொன்பது, எதிர்ப்பு நாற்பத்தெட்டு. எதிர்த்தவர்களைவிட ஆதரித்தவர்கள் ஒருவர் அதிகம். ஆனால் ஐம்பது வரவில்லை. முடிவு மாறவில்லை, மசோதா தோற்றதுதான். மாறியது ஒன்றே ஒன்று. ராய் டென்ஹெர்டர் இப்போது தோற்ற பக்கத்தில் இருந்தார்.

"ஒரு ஆள் தப்பான பக்கத்துல இருந்தாத்தான் நமக்குப் பிரயோஜனம்," என்றான் ஓடெல் மெல்ல. "அவரப் போயி நல்லவராக்கிட்டோம்."

திருத்தத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று அவைச் செயலரிடம் போய்க் கேட்டார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு வாக்குக்கு ஒரு திருத்தம். அவையில் வாசித்த பிறகு அது நிற்கும். வேறு வழி இருக்கிறதா என்று ஹெஸ்டர் கேட்டார். அடுத்தவர் பொத்தானை அழுத்தியதாகப் புகார் கொடுக்கலாம் என்றார் செயலர். ஒழுக்கக் குழு விசாரிக்கும். குழு எப்போது கூடும் என்று ஓடெல் கேட்டான். கோடையில், என்றார் அவர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. விதிகளை எழுதியவர் அவர் இல்லை.

மிச்சம் இருந்தது மெர்ல். அவர் எதிர்ப்பு, ஜெயித்த பக்கம், எழுந்து கேட்க உரிமை உள்ளவர். அவை மறுபடி கூடும் நேரம் நெருங்கியிருந்தது. ஹெஸ்டர் வாசலிலேயே அவரை நிறுத்தி, நடந்தது முழுவதையும் சொன்னார். இந்த முறை வானிலையைத் தாண்டி நேராக வந்தார். பெல் ரிவர் பெண்ணின் வீட்டைப் பற்றிச் சொன்னார். நீங்கள் மசோதாவை ஆதரிக்க வேண்டாம், மறுபடியும் சிவப்பையே அழுத்துங்கள், எழுந்து கேட்க மட்டும் செய்யுங்கள் என்றார்.

மெர்ல் காது கொடுத்துக் கேட்டார். மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே இர்மா, முன் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராய்க்காக நான் பொத்தான் அழுத்துவேன்," என்றார். "எந்திரிச்சு நிக்கமாட்டேன். நின்னா ஏன் நிக்கிறேன்னு கேப்பாங்க. அப்புறம் அவன் பேரும் கெடும், என் பேரும் கெடும்." உள்ளே போகத் திரும்பியவர், "அந்த அம்மாவுக்கு என் வருத்தத்தச் சொல்லுங்க," என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

அவை கூடியது. பால் பண்ணைகளுக்கான ஒரு சிறு மசோதாவும், ஏதோ ஒரு நெடுஞ்சாலைக்குப் பெயர் வைப்பதும் நிறைவேறின. சபாநாயகர், வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஹெஸ்டரும் ஓடெலும் மாடத்தில் இர்மாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

ராய் டென்ஹெர்டர் எழுந்தார். திருத்தம் தெரிந்த பிறகு அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவரை இவர்கள் கீழே சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்த பிறகு அவர் தானாக எடுத்த முடிவு. மனை வாடகை மசோதாவுக்கு மறுவாக்கெடுப்பு கேட்கிறேன் என்றார். காதுகள் சிவந்திருந்தன.

சபாநாயகர் செயலரோடு குனிந்து பேசினார். "உறுப்பினரின் வாக்கு எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது?"

"ஆதரவு," என்றார் ராய். "ஆனா நேத்து நான் இங்க..."

"உறுப்பினர் இன்று காலை தாக்கல் செய்த திருத்தம் என் முன்னால் இருக்கிறது," என்றார் சபாநாயகர். குரலில் கடுமை இல்லை. ஒரு மனிதன் பள்ளத்தில் கால் வைக்கப் போவதைப் பார்த்தவரின் குரல். "நான் என் இருக்கையில் இருந்தேன், பொத்தானைத் தவறி அழுத்திவிட்டேன் என்று அதில் கையெழுத்திட்டிருக்கிறார். எல்லாத் திருத்தங்களிலும் இருக்கும் வாசகம்தான். உறுப்பினர் அதை மறுக்கிறாரா?"

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் மெர்ல் ஆஸ்டாட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராய் அவரைப் பார்த்தார். பிறகு மாடத்தைப் பார்த்தார். மறுத்தால் தன்னோடு மெர்லும் போவார். அவைக் குறிப்பில் பொய் எழுதிக் கையெழுத்திட்டவர் என்று தன் பெயர் நிற்கும். மறுத்தாலும் திருத்தம் நிற்கும், மறுவாக்கெடுப்பு கிடைக்காது. இது ராய்க்கும் புரிந்தது. மாடத்தில் இருந்த மூன்று பேருக்கும் புரிந்தது.

"இல்லை," என்றார் ராய். உட்கார்ந்தார்.

கோரிக்கை ஒழுங்குக்கு உட்பட்டதல்ல என்று சபாநாயகர் அறிவித்தார். வேறு யாராவது உண்டா என்று கேட்டார். எதிர்த்து வாக்களித்த நாற்பத்தெட்டுப் பேரில் யாரும் எழவில்லை. சுத்தியல் விழுந்தது.

இர்மாதான் முதலில் எழுந்தார். பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஹெஸ்டர் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வழி முழுக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, மறுவாக்கெடுப்பு விதியை மாற்ற அடுத்த வருடம் முயற்சி செய்யலாம் என்றார்.

"ராய் எந்திரிச்சு நின்னாரு பாத்தீங்களா," என்றார் இர்மா. "அது போதும்னு சொல்லமாட்டேன். ஆனா நின்னாரு."

ஜூன் முதல் தேதி வில்லோ பெண்டில் மனை வாடகை இரண்டு மடங்கானது. இர்மா ஸ்கார்டா மே மாதக் கடைசியில் வீட்டுச் சாவியை வளாக அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வேறு மாவட்டத்தில் இருக்கும் மகன் வீட்டின் கீழ்த்தளத்துக்குப் போனார். பெல் ரிவர் பள்ளி சமையலுக்கு வேறு ஆளை எடுத்தது. வீட்டை ஜூலையில் இடித்தார்கள்.